ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்ட பாட்டு

கணினியில் எண்களாகக் கிடக்கும் பாட்டை ஒலியாக மாற்றித் தருவது டிஏசி. அந்தப் பெட்டியின் முகப்பில் ஒரு சின்ன விளக்கு உண்டு. சாதாரண சிடி தரத்தில் பாட்டு ஓடினால் பச்சை, 96 கிலோஹெர்ட்ஸ் என்றால் நீலம், 192 என்றால் வெள்ளை. அதை வாங்கி வந்த இரவு வீட்டில் எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்து, ஒரே பாட்டைப் பச்சையிலும் வெள்ளையிலும் ஓடவிட்டு, "வித்தியாசம் தெரியுதா?" என்று கேட்டேன். மனைவி உன்னிப்பாகப் பார்த்துவிட்டு, "நல்லாத் தெரியுது. முதல்ல பச்சையா இருந்துச்சு, இப்ப வெள்ளையா இருக்கு" என்றாள். அப்பா, "அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைடா, பாட்டே கேக்கல" என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் சரி என்று எனக்குப் புரிய நாலு வருஷம் ஆனது. அதற்குள் அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல் கைவிட்டுப் போயிருந்தது.

ஆரம்பத்தில் எனக்கு இந்த எண் பைத்தியம் கிடையாது. வேளச்சேரியில் நாங்கள் அப்போது தரைத்தளத்தில் இருந்தோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் உள்ளே வந்து, அப்பா முப்பது வருஷமாகச் சேர்த்த கேசட்டுகளில் முக்கால்வாசியைத் தின்றுவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு ஒவ்வொரு கேசட்டாகக் குழாயடியில் கழுவி மொட்டைமாடியில் காயவைத்தார். ஒன்றுகூட ஓடவில்லை. பரணில் இருந்த 340 சிடிக்களும், அலமாரியின் மேல்தட்டில் இருந்த அறுபது சொச்சம் கேசட்டுகளும்தான் மிச்சம். அடுத்த வருஷம் அதே தெருவில் இரண்டாவது மாடிக்குக் குடிபோனோம். மிச்சத்தையாவது கணினியில் ஏற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

சிடியை ஏற்றுவதில் நான் செய்த முதல் தப்பு, நூற்றுச் சொச்சம் சிடிக்களை 192 கேபிபிஎஸ் எம்பி3 ஆக மாற்றியது. இடம் மிச்சமாகும் என்று நினைத்தேன். பிறகு அத்தனையையும் மறுபடி போட வேண்டியதாயிற்று. இழப்பில்லாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவம் 2001-லிருந்து இலவசமாக இருக்கிறது. சிடியில் உள்ளதை ஒரு துளி குறையாமல் ஏறக்குறையப் பாதி அளவுக்குச் சுருக்கிவிடும். எங்கள் 340 சிடியும் சேர்ந்து 110 ஜிபிதான் வந்தது. இன்றைக்கு அது ஒரு பென் டிரைவில் அடங்கும். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருள், நாம் படித்தது சரிதானா என்று, அதே சிடியை உலகத்தில் வேறு யாரோ படித்து ஏற்றிய கணக்கோடு ஒப்பிட்டுச் சொல்லும். கர்நாடக சங்கீத சிடி பலவற்றுக்கு அந்தக் கணக்கு கிடைக்கவில்லை. அவற்றை இரண்டு முறை படித்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டேன். கீறல் விழுந்த சில சிடிக்கு ஒரு ராத்திரி முழுக்க ஓடியது.

இந்த வேலை முடியும் தறுவாயில்தான் இணையத்தில் 24/192 என்ற எண்ணைப் பார்த்து மனசு அலைபாயத் தொடங்கியது. 16/44.1 என்ற என் சேகரிப்பு திடீரென்று ஏழைவீட்டுப் பிள்ளை மாதிரி தெரிந்தது.

இந்த எண்கள் என்ன என்பதை, எனக்கு அன்று யாராவது சொல்லியிருக்கலாமே என்று நான் ஏங்குகிற முறையில் சொல்கிறேன். 44.1 என்றால் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எழுதுவது. அந்த எண்ணில் பாதிவரைக்கும், அதாவது 22 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள ஒலியை அதிலிருந்து முழுதாகத் திரும்ப எடுத்துவிடலாம். படிக்கட்டு மாதிரி படம் போட்டு, படி சின்னதாக ஆக ஆக ஒலி வழவழப்பாகும் என்று விளம்பரங்களில் காட்டுவார்கள். டிஏசியிலிருந்து வெளியே வருவது படிக்கட்டு கிடையாது, வழவழப்பான அலைதான், 44.1-லும் அப்படித்தான். நல்ல இளம் காதுக்கு எல்லை 20 கிலோஹெர்ட்ஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெட்ஃபோன் மாட்டிச் சோதித்துப் பார்த்தோம். எனக்கு 14-க்கு மேல் ஒன்றுமில்லை. பள்ளியில் படிக்கும் மகளுக்கு 17 வரை கேட்டது. அப்பாவுக்கு 8-லேயே நின்றுவிட்டது. தோடியில் ஒரு கமகம் பிசகினால் இந்த வீட்டில் முதலில் முகம் சுளிப்பவர் அவர்தான்.

அடுத்தது பிட். ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல். மிக மெல்லிய சத்தத்துக்கும் மிக உரத்த சத்தத்துக்கும் நடுவே 16 பிட்டில் 96 டெசிபல் இடைவெளி கிடைக்கும், 24 பிட்டில் 144. இங்கேதான் ஃபேன் வருகிறது. கைபேசியில் ஒலி அளக்கும் செயலியைப் போட்டுப் பார்த்தேன். அது ஆய்வகக் கருவி ஆகாது என்றாலும் ஒரு மதிப்பீடு கிடைக்கும். ஹாலில் ஃபேன் நாலாம் நம்பரில் ஓடும்போது 48 டெசிபல். நான் பாட்டு கேட்கும் அளவில் மிருதங்கத் தனி உச்சத்துக்குப் போகும்போது 90 சொச்சம். இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட 42. ஏழு பிட் சமாச்சாரம். கணக்கு அவ்வளவு கறாரானதில்லை, ஃபேன் சத்தத்துக்கு அடியிலும் காது கொஞ்சம் துழாவிக் கேட்கும். ஆனாலும் 24 பிட்டுக்காக நான் பணம் கட்டிய அந்த ஹாலில், சிடியின் 16 பிட்டையே ஃபேன் பாதிக்கு மேல் விழுங்கிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் எழுதுவதற்கு முன்னால் என் காதையும் சோதித்தேன். ஃபூபார் 2000 மென்பொருளுக்கு ஏபிஎக்ஸ் என்றொரு துணைநிரல் இருக்கிறது. இரண்டு கோப்பைக் கொடுத்தால், எது எது என்று மறைத்துவைத்துக் கேட்கவைத்து மதிப்பெண் போடும். ஒரு சூட்சுமம், இங்கே சறுக்கினால் சோதனையே வீண்: 24/96 கோப்பு ஒன்றை எடுத்து, அதையே நீங்களே 16/44.1-க்கு இறக்கி, இரண்டையும் ஒப்பிட வேண்டும். கடையில் வாங்கிய ஹை-ரெஸ் கோப்பையும், அதாவது 24/96, 24/192 போன்ற பெரிய எண் கோப்பையும், வீட்டிலிருக்கும் பழைய சிடியையும் ஒப்பிட்டால், வேறு வேறு மாஸ்டரை, அதாவது வெளியிடுவதற்காக வேறு வேறு விதமாகச் சீர்செய்த பதிவுகளை ஒப்பிடுகிறீர்கள். ஒலி அளவும் சமமாக இருக்க வேண்டும். ஒன்று அரை டெசிபல் கூட இருந்தாலும், அதுதான் "தெளிவாக" இருப்பதாகத் தோன்றும்.

16 முறையில் 12 சரியாகச் சொன்னால் குருட்டாம்போக்கு இல்லை என்று ஒத்துக்கொள்ளலாம். நான் 9. மகள் 8. ரொம்ப நல்ல பாடல் என்று நான் தேர்ந்தெடுத்ததை 16 முறை கேட்டு, அவளுக்கு அந்தப் பாட்டே பிடிக்காமல் போய்விட்டது. பிற்பாடு படித்தபோது ஆறுதலாக இருந்தது. 2007-ல் பாஸ்டனில் மேயர், மோரன் என்ற இருவர் ஒலிப்பொறியாளர்களையும் இசை ரசிகர்களையும் வைத்து 554 முறை இதையே செய்தார்கள். 276 சரி, நாணயம் சுண்டினாலும் அவ்வளவுதான் வரும். 2016-ல் லண்டனில் ஜோஷுவா ரீஸ் 18 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தபோது 52.3 சதவீதம் வந்தது. பயிற்சி பெற்ற காதுகளுக்கு அதைவிடக் கூடுதல். ஆகவே "ஒன்றுமே இல்லை" என்று சத்தியம் பண்ணவும் முடியாது. ஐம்பதைத் தாண்டிய அந்த இரண்டு சொச்சம் சதவீதத்தைத் தேடி நான் செலவழித்திருக்க வேண்டாம், அவ்வளவுதான் என் வருத்தம்.

ஹை-ரெஸ் கோப்பு நிஜமாகவே சிடியைவிட நன்றாக இருந்த சந்தர்ப்பங்கள் எனக்கும் உண்டு. ஒரு வாத்திய இசைத் தொகுப்பு சிடியில் முழுக்க ஒரே உரத்த குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் கத்தியது. 24/96-ல் மூச்சுவிட்டது. அதையே 16/44.1-க்கு இறக்கிக் கேட்டேன், அப்போதும் மூச்சுவிட்டது. நன்றாக இருந்தது மாஸ்டர். எண்ணுக்கு அதில் பங்கில்லை. சிடிக்காக யாரோ ஒலியை நசுக்கிப் பருக்கவைத்திருக்கிறார்கள்.

ஏமாந்த கதையும் உண்டு. பழைய திரைப்பாட்டுத் தொகுப்பு ஒன்றை 24/192 என்ற பெயரில் விலை கொடுத்து வாங்கினேன். ஸ்பெக் என்ற இலவசச் செயலியில் போட்டால் பாட்டின் அதிர்வெண் படமாக வரும். படத்தில் 22 கிலோஹெர்ட்ஸில் கத்தி வைத்து வெட்டிய மாதிரி ஒரு கோடு. அதற்கு மேலே வெறும் கறுப்பு. சிடியை எடுத்து எண்ணை மட்டும் ஊதிப் பெருக்கியிருக்கிறார்கள். இப்போதெல்லாம் ஒரு பாட்டு மட்டும் வாங்கி, ஸ்பெக்கில் பார்த்த பிறகுதான் மற்றதுக்குப் பணம் கட்டுகிறேன். 16 கிலோஹெர்ட்ஸிலேயே வெட்டு விழுந்திருந்தால் பெரும்பாலும் அது எம்பி3-யிலிருந்து பிறந்தது. இன்னொன்று: அந்தக் காலத்து ஸ்டூடியோ டேப்பின் இரைச்சலுக்கும் உச்சத்துக்கும் இடைவெளியே 60, 70 டெசிபல்தான். 12 பிட்டில் அடங்கிவிடும். மீதிப் பிட்டெல்லாம் டேப்பின் 'உஸ்' சத்தத்தை வெகு துல்லியமாகப் பதிந்துவைத்திருக்கும்.

அப்பாவின் கேசட்டுகளை ஏற்றும்போதும் முதலில் 192-லேயே ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் மீடியம் வேவில் வானொலிக் கச்சேரியைப் பிடித்துப் பதிந்தவை. அதில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இரைச்சலைத் தவிர எதுவும் கிடையாது. நாலைந்து கேசட் முடிந்த பிறகு, ரிச்சி ஸ்ட்ரீட்டில் டெக் ரிப்பேர் பண்ணும் பெரியவர் ஒருவர் விஷயத்தைச் சொன்னார். வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, டெக்கைத் தோளில் சுமந்துகொண்டு போயிருந்தேன். "சார், கம்ப்யூட்டரை விடுங்க, ஹெட்டைப் பாருங்க" என்று ஒரு திருப்புளியை எடுத்து, டேப்பைப் படிக்கும் அந்த ஹெட்டின் ஓரத்திலிருந்த குட்டி ஸ்குரூவைக் கால் சுற்று திருப்பினார். போர்வைக்குள்ளிருந்து பாடிக்கொண்டிருந்தவர் வெளியே வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு கேசட்டும் வேறொரு டெக்கில் பதிந்தது என்பதால், ஒவ்வொன்றுக்கும் ஸ்குரூவைத் திருப்பி, கீச்சொலி தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். அறுபது கேசட்டும் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் முடித்தேன். பதிவு செய்யும்போது 24 பிட் உதவும், அதை மறுக்க மாட்டேன். அளவைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்துக்கொண்டு, சட்டென்று பாடகர் குரலை உயர்த்தினால் வெட்டுப்படுமோ என்று பயப்படாமல் இருக்கலாம்.

இனி வீட்டுக்குள் பாட்டை ஓடவிடும் சங்கதி. முதலில் டிவியோடு ஒட்டும் மலிவான பெட்டி ஒன்றை நம்பினேன். சினிமாப் பாட்டுக்குக் குறையே இல்லை. ராகம் தானம் பல்லவி போட்ட அன்று மாட்டிக்கொண்டேன். சிடியில் ஆலாபனை, தானம், பல்லவி என்று மூன்று தடமாகப் பிரித்திருப்பார்கள், ஆனால் சுருதி அறுபடாமல் ஓடும். இந்தப் பெட்டி ஒவ்வொரு தடத்துக்கும் நடுவில் ஒரு நொடி வாயை மூடிக்கொண்டது. தம்புரா பொசுக்கென்று நின்று, மறுபடி தொடங்கும். அப்பா, "கரண்ட் போச்சா?" என்று கேட்டார். எந்தச் செயலியை, எந்தப் பெட்டியை வாங்கினாலும் இடைவெளியில்லாமல் தடங்களை ஓட்டுமா என்று முதலில் கேளுங்கள். கச்சேரி கேட்கிற வீட்டுக்கு அது 192-ஐவிட முக்கியம்.

கடைசியில் நிலைத்தது ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கணினி. அதில் ஓடுவது லைரியன் மியூசிக் சர்வர் என்ற மென்பொருள், 2024 வரைக்கும் லாஜிடெக் மீடியா சர்வர் என்ற பெயரில் இருந்தது. தடங்களை இடைவெளி இல்லாமல் ஓட்டும், கைபேசியிலிருந்தே இயக்கலாம், காசு கிடையாது. இதில் இரண்டு பாடம். சும்மா கிடந்த கைபேசி சார்ஜரைச் சொருகினேன். ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கியதும் மொத்தமும் அணைந்து எழும். 5.1 வோல்ட், 3 ஆம்பியர் தரும் அதற்கான சார்ஜரே வேண்டும். இரண்டாவது, நம்மூர் மின்வெட்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்ப் போய் மெமரி கார்டு இரண்டு தடவை கெட்டுப்போனது. பைகோர்பிளேயர் என்ற இயங்குதளத்துக்கு மாறினேன். அது தொடங்கும்போதே தன்னை நினைவகத்துக்குள் ஏற்றிக்கொண்டு கார்டைச் சும்மா விட்டுவிடும். அதன் பிறகு தொந்தரவு இல்லை.

வைஃபை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 24/192 சுருக்காமல் நொடிக்கு 9.2 மெகாபிட். ஃபிளாக்கில் அதைவிடக் குறைவு. இணைய வேகத்தில் இது ஒன்றுமே இல்லை, ஆனால் அடுக்குமாடியில் பதினைந்து வீட்டு ரூட்டரும் 2.4 கிகாஹெர்ட்ஸில் முட்டிக்கொண்டால் அதுவே திக்கும். சுவரோரமாக ஒரு லேன் ஒயர் இழுத்தேன், பிரச்சனை முடிந்தது. புளூடூத்தில் ஹை-ரெஸ் கேட்கிறேன் என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: புளூடூத்தின் சாதாரண சுருக்கும் முறையான எஸ்பிசியில் 328 கேபிபிஎஸ்தான் போகும், சிடிக்கே 1,411 வேண்டும். ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனில் இழப்பில்லாத தரத்தைக் கூடுதல் கட்டணமில்லாமல் கொடுத்தபோது, புளூடூத்தில் அது வராது என்று அவர்களே சொன்னார்கள். கைபேசியில் சொருகும் ஆயிரம் ரூபாய் டாங்கிளும் ஒயர் உள்ள ஹெட்ஃபோனும் இருந்தால் போதும்.

எங்கள் பகுதியில் மட்டும் நிகழும் ரகம் ஒன்று சொல்கிறேன். கரண்ட் போய் இன்வெர்ட்டர் வந்தால் ஆம்ப்ளிஃபையர் 'ம்ம்ம்' என்று உறுமும். டிஏசியைச் சந்தேகித்தேன், ஒயரை மாற்றினேன். பழைய இன்வெர்ட்டர் சதுர அலை தருவது, ஆம்ப்ளிஃபையரின் டிரான்ஸ்ஃபார்மருக்கு அது ஆகாது. சைன் அலை இன்வெர்ட்டருக்கு மாறியதும் அடங்கியது, போனஸாக ஃபேனின் ரீங்காரமும் குறைந்தது. கரண்ட் இருக்கும்போதும் மெல்லிய உறுமல் பாக்கி இருந்தது. அது செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் ஒயர் வழியாக. அந்த ஒயரைப் பிடுங்கினால் நின்றது. செட்டாப் பாக்ஸிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு ஆப்டிகல் ஒயர் போட்டேன். ஒளியில் உறுமல் வராது.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. இரண்டாம் இரவே இன்வெர்ட்டர் படுத்துவிட்டது. மழை நின்றுவிட்டிருந்தது. ஃபேன் இல்லை, ஏசி இல்லை, பக்கத்து வீட்டு டிவி இல்லை, ஃபிரிட்ஜ் உறுமல் இல்லை. தவளைகள் மட்டும். கைபேசியில் 22 சதவீதம் சார்ஜ். மிச்சம் பிடிக்க வேண்டும் என்று தெரிந்தும், டாங்கிளில் ஹெட்ஃபோனைச் சொருகி, அப்பாவின் சிடியிலிருந்து ஏற்றிய ஒரு கச்சேரியைப் போட்டேன். ஜன்னலைச் சாத்தியதும் தவளையும் போய்விட்டது. நூறு முறை கேட்ட பதிவு. வயலின்காரர் பாடகரின் பின்னால் நூல் பிடித்துப்போகும்போது வில்லின் உரசல் கேட்டது. தம்புராவின் நாலு தந்தியும் தனித்தனியாகக் கேட்டன. பாடகர் ஒரு இடத்தில் மெதுவாகச் "சபாஷ்" என்கிறார், அதை நான் அதுவரை கேட்டதே இல்லை. 16 பிட், 44.1. வெள்ளை விளக்கு பெட்டிக்கு உயிரே இல்லை, ஹாலில் இருட்டில் கிடந்தது.

அதற்குப் பிறகு ஹாலைத்தான் திருத்தினேன். நம் வீடுகளில் மொசைக் தரை, சிமென்ட் சுவர், கண்ணாடி ஷோகேஸ். நடுவில் நின்று ஒரு தட்டு கை தட்டினேன், 'டர்ர்' என்று திரும்பி வந்தது. பவானி ஜமுக்காளம் ஒன்றை ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவே விரித்தேன். ஷோகேஸில் இருந்த பொம்மையை எடுத்துவிட்டுப் புத்தகம் வைத்தேன், இதற்கு மனைவியிடம் ஒரு வாரம் கெஞ்ச வேண்டியிருந்தது. மூலையில் இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைச் சுருட்டி நிறுத்தினேன், விருந்தாளி வந்தால் அதையே விரித்தும் கொடுக்கலாம். ஷோகேஸுக்குள் அடைத்துவைத்திருந்த ஸ்பீக்கரை வெளியே எடுத்துச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் வைத்ததும் கடத்துக்கும் மிருதங்கத்துக்கும் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. மொத்தச் செலவு நாலாயிரத்துக்குள். ஃபேனுக்குப் பதிலாக ஓசையில்லாத பிஎல்டிசி ஃபேன் ஒன்றும் வாங்கினேன், இரண்டாம் நம்பரில் 39 காட்டுகிறது. மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொன்னால் ஸ்பீக்கர், அறை, ஃபேன், லேன் ஒயர் என்று வந்து, காசு மிச்சம் இருந்தால் டிஏசி பக்கம் எட்டிப் பார்ப்பேன்.

நேரம் அதிகம் பிடித்தது இவை எதுவும் இல்லை, பெயர் எழுதுகிற வேலைதான். தோடி ஒரு சிடியில் டி-எச்சோடு, இன்னொன்றில் எச் இல்லாமல். கல்யாணிக்கு மூன்று எழுத்துக்கூட்டு. ஒரே பாடகர் ஐந்து பேராகப் பிரிந்து நின்றார். எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் எல்லாவற்றையும் தமிழில் மாற்றி, ராகம், தாளம், சாகித்யகர்த்தா, பக்கவாத்தியம் என்று தனித்தனி டேக் போட்டேன். இதை ஆரம்பத்திலேயே ஒரே முறையாகத் தீர்மானித்திருந்தால் ஐந்து மாத இரவுகள் மிஞ்சியிருக்கும். ராகம் எதுவென்று உறையில் போடாத கேசட்டுகளுக்கு அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்வார். பத்து நொடி போதும் அவருக்கு. 8 கிலோஹெர்ட்ஸ் காது. அந்த ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு நகல் இருக்கிறது, ஒன்று தங்கை வீட்டில், திருச்சியில், மூன்றாவது மாடியில்.

இன்னும் பதினோரு கேசட்டுகளுக்கு ராகம் எழுதவில்லை. மார்கழியில் உட்காரலாம் என்று அப்பா தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறார். காரணம் கேட்டேன். "அப்பதான் ஃபேன் வேணாம்" என்றார்.